மேசைக்குக் கீழே

ரெஜினா வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள்:
"அத்தே, மூணாவது நாள் ராத்திரி ஸ்பெஷல் சாப்பாடு.
ஏழு பிளேட்டு வரும், ஒன்னு ஒன்னா.
செருப்பு போட்டுனு வந்தா உள்ள வுட மாட்டாங்கோ.
முன்னாடி மூடின ஷூ. மறந்துடாத."
மூன்று தடவை கேட்டேன்.
ஐஸ் லாரி பின்னால் எடுக்கிற சத்தத்தில்
நாலாவது தடவையும்.

மூடின ஷூ என்னிடம் உண்டு.
முழங்கால் வரை மூடும், கறுப்பு ரப்பர்.
காசிமேட்டு ஏலக்கூடத்தில்
ராத்திரி இரண்டு மணிக்கு மாட்டினால்
காலை பத்துக்குக் கழற்றித் தலைகீழாய்க் கொட்டுவேன்.
சில நாள் தண்ணீரோடு ஓர் இறாலும் விழும்.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.

எம்.சி. ரோட்டில் நாலு கடை.
"லேடீஸ்ல எட்டோட முடிஞ்சிடும்க்கா."
என் பாதம் அங்கே முடியவில்லையே.
சண்டைபோட்ட சம்பந்திகள் போல
விலகி விலகி நிற்கிற விரல்கள்,
ஈரத் தரையில் வழுக்காமல் நிற்கப் பழகியவை.
வெள்ளிக் கொக்கி வைத்த ஒரு ஜோடிக்குள்
கட்டைவிரல் மட்டும் போய் உட்கார்ந்தது.
மற்றவை ரேஷன் கடை வாசல் மாதிரி
வெளியே முண்டின.

கடைசியில் பையன்கள் போடுகிற பள்ளிக்கூட ஷூ.
ஒன்பதாம் நம்பர். கயிறு இல்லை, ஒட்டுப்பட்டி.
நானூற்றி எழுபது என்றான்.
பேரம் பேசுகிற வாயை
அன்று கூடையோடு விட்டுவிட்டு வந்திருந்தேன்.
சோறு தின்ன உட்காரும்போது கழற்றித்தான் பழக்கம்.
தின்பதற்கென்றே ஒன்றை வாங்கியது
ஐம்பத்திரண்டு வயதில் இதுதான் முதல்.

இன்னொன்றும் முதல்.
இருபத்தேழு வருஷம் கடலைக் கூறுகட்டி விற்றிருக்கிறேன்.
கடலில் ஏறியதில்லை.
பொம்பளை கால் வைத்தால் வலை வெறுமையாய் வரும் என்பார்
என் வீட்டுக்காரர், இருந்தவரை.
துறைமுக வாசலில் பையைச் சோதித்தவன்
ஷூவைத் தட்டிப் பார்த்துவிட்டு
"போங்கம்மா" என்றான்.
அவ்வளவுதான். கடல் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவது தட்டில் கொடுவா.
உள்ளங்கையளவு. தலை இல்லை, வால் இல்லை, முள் இல்லை,
மேலே மஞ்சளாய் ஒரு கோடு.
யாரென்று தெரியாதபடி ஆக்கியிருந்தார்கள்.
எனக்குத் தெரிந்தது.
ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்பதும் தெரிந்தது.
எதிரே இருந்த முத்துமாலைக்காரி
"ரொம்ப ஃப்ரெஷ்" என்றாள்.
ஆமாம் என்று தலையாட்டினேன், விற்கிறவள் புத்தி.

இடது சுண்டுவிரல் அதற்குள் கொப்பளித்துவிட்டது.
மேசைவிரிப்போ தரைவரை தொங்குகிறது.
ஒரு காலால் மறுகாலின் பட்டியை இழுத்தேன்.
கர்ர்ர்ர்.
பியானோ வாசிக்கிறவர் காப்பாற்றினார்.
வெறுங்கால், கம்பளம்,
ஆடு மேய்ந்த புல்மாதிரி மெத்தென்று.

அப்போதுதான் கப்பல் சாய்ந்தது, கொஞ்சமாய்.
ஏதோ வந்து என் கணுக்காலில் முட்டியது.
பூனை என்று நினைத்தேன். கப்பலில் ஏது பூனை.
பாதத்தால் தடவினேன்:
கூர்மூக்கு, சாண் உயரக் குதி.
முத்துமாலைக்காரியின் முகம் மேலே சிரித்துக்கொண்டிருந்தது,
தோள் மட்டும் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தது.
என் ஷூ ஒன்று அவள் பக்கம் போயிருக்க வேண்டும்.
அவள் புருவம் சட்டென்று நின்றது,
அளவு எடுத்துவிட்டவள் போல.

ரெஜினா தண்ணீர் ஊற்ற வந்தாள்.
வேலை நேரத்தில் அத்தை என்று கூப்பிடக்கூடாதாம்.
"மேடம்" என்றாள், என் கண்ணைப் பார்க்காமல்.
காலையிலிருந்து நின்றுகொண்டேயிருக்கிற அவள் ஷூ
விரிப்புக்குள் நுழைந்தது, துழாவியது.
கூர்மூக்கை அந்தப் பக்கம் ஒரு தள்ளு.
பள்ளிக்கூடத்தை இந்தப் பக்கம் ஒரு தள்ளு.
மேலே ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஐந்தாவது தட்டு வந்தது.
நான் ஷூவை மாட்டவில்லை.
அவளும் மாட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
ஓடிவிடாமலிருக்க இரண்டு காலையும் அதன்மேல் வைத்து
அழுத்திக்கொண்டேன்.
கரையில் கட்டிப்போட்ட படகு மாதிரி
அது இழுத்துக்கொண்டே இருந்தது.